சார்க் நாளில் யாருடைய தெற்காசியா?

குரூப் 4 தேர்வுக்குப் படித்தவர்களுக்கு இது மனப்பாடமாக இருக்கும். சார்க் அமைப்பு தொடங்கப்பட்ட நாள்? 1985 டிசம்பர் 8. இடம்? டாக்கா. தலைமைச் செயலகம் எங்கே? காத்மாண்டு. கடைசியாகச் சேர்ந்த நாடு? ஆப்கானிஸ்தான், 2007. நான்கு கேள்வி, ஆறு மதிப்பெண். அதற்குமேல் அந்த அமைப்பைப் பற்றி யாரும் நம்மிடம் எதுவும் கேட்டதில்லை, நாமும் யாரையும் கேட்டதில்லை.

கூடலூர் பக்கம் எங்கள் குடியிருப்பில் நடக்கும் மாலை வகுப்பில் நான் பொது அறிவு எடுக்கிறேன். சம்பளம் இல்லாத வாத்தியார். போன டிசம்பரில் இந்த நான்கு கேள்விகளையும் கரும்பலகையில் எழுதிப்போட்டபோது, முன்வரிசையில் இருந்த பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "அண்ணா, ஒவ்வொரு வருஷமும் சார்க் நாள்னு வருதே, அதை யாருண்ணா கொண்டாடுறா?"

பதில் என்னிடம் இல்லை. தலைவர்கள் வாழ்த்துச் செய்தி விடுவார்கள், காத்மாண்டுவில் ஒரு விழா நடக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் விடவில்லை. "அப்போ நாம அதுல இருக்கோமா இல்லையா?"

இந்தக் கட்டுரை அவளுக்கான பதில்தான். தாமதமாகச் சொல்கிறேன்.

அண்டை நாடுகள் சேர்ந்து ஆண்டுக்கொரு நாளைக் குறித்து, "நாமெல்லாம் ஒன்று" என்று சொல்லிக்கொள்வது உலகெங்கும் உள்ள வழக்கம். ஐரோப்பாவுக்கு மே 9. தென்கிழக்காசியாவுக்கு ஆகஸ்ட் 8. ஆப்பிரிக்காவுக்கு மே 25. நமக்கு டிசம்பர் 8. இதைக் கேலி செய்வது எளிது. எனக்கு அதில் விருப்பமில்லை. எல்லைக் கோடுகளால் வாழ்க்கை சிதைந்த குடும்பத்திலிருந்து வந்தவன் நான். பக்கத்து நாட்டுக்காரனும் நானும் ஒன்று என்று ஒரு நாளாவது சொல்லப்படுவது நல்லது என்றுதான் நினைப்பேன். என் கேள்வி வேறு. எதை வைத்து ஒன்று?

எங்கள் அம்மாயி அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்தில் பிறந்தவர். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவரைப் போன்ற லட்சக்கணக்கான மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அந்தப் பிறகும் 1974-இல் வந்தது; ஆளுக்குப் பாதி. இரண்டு அண்டை நாடுகளின் நல்லுறவுக்காகச் செய்யப்பட்ட ஒப்பந்தம் இது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களிடம் உனக்கு எந்த நாடு வேண்டும் என்று கேட்டுவிட்டு யாரும் அந்த எண்ணைப் போடவில்லை.

அம்மாயி தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்து சேர்ந்தார். அரசாங்கக் காகிதத்தில் அவருக்குப் பெயர் "தாயகம் திரும்பியோர்". பிறக்காத ஊருக்கு எப்படித் திரும்புவது என்று அவர் கேட்டதேயில்லை. கேட்க நேரமில்லை, அடுத்த நாளே கொழுந்து பறிக்கப் போய்விட்டார். வயதான பிறகு ஒருமுறை சொன்னார்: "அங்க இருக்கும்போது கள்ளத்தோணின்னான். இங்க வந்தா சிலோன்காரின்னான். கடலைத் தாண்டுனதுல பேரு மாறிச்சு, நாடு மாறிச்சு. சாதியை மட்டும் ரெண்டு கரையிலயும் ஒரே மாதிரிதான் கேட்டான்."

இதைவிடத் துல்லியமாகத் தெற்காசிய அடையாளத்தை விளக்கிய வாழ்த்துச் செய்தி எதையும் நான் இதுவரை படித்ததில்லை.

சார்க் சாசனத்துக்கு வருவோம். அதன் பத்தாவது உறுப்பு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. எல்லா முடிவுகளும் ஒருமனதாக எடுக்கப்பட வேண்டும். இருதரப்புப் பிரச்சினைகளும் சர்ச்சைக்குரியவையும் பேச்சில் இடம்பெறக்கூடாது. அதற்கு முன்பே, ஒருவர் உள்விவகாரத்தில் மற்றவர் தலையிடக்கூடாது என்ற கொள்கையும் இருக்கிறது. இந்தியா, பாகிஸ்தான் சண்டையால் அமைப்பு உடைந்துவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். அப்படியும் உடையாமல் இருந்ததா? 2014 காத்மாண்டு மாநாட்டோடு உச்சி மாநாடுகள் நின்றுபோயின. 2016-இல் இஸ்லாமாபாத்தில் நடக்கவேண்டியது நடக்கவேயில்லை. சண்டையைத் தடுக்க உதவாத அந்த விதி ஒன்றே ஒன்றுக்கு நன்றாக உதவியது. தெற்காசியாவில் மிக அதிகமான மனிதர்களைப் பாதிக்கிற விஷயம் மேசைக்கு வராமல் பார்த்துக்கொண்டது.

பயங்கரவாதத்துக்கு எதிராக 1987-இல் சார்க் உடன்படிக்கை வந்தது. பெண்களையும் குழந்தைகளையும் கடத்துவதற்கு எதிராக 2002-இல் வந்தது. நல்லதுதான். சாதிக்கு எதிராக? இல்லை. சாதி உள்விவகாரமாம்.

இந்த "உள்விவகாரம்" என்ற சொல்லுக்கு ஒரு கதை உண்டு. வாசகர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் இதே டிசம்பர் 8 அதிலும் வருகிறது.

1946. ஐ.நா. பொதுச்சபையின் முதல் ஆண்டு. இந்தியா இன்னும் விடுதலைகூட அடையவில்லை. தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளியினர் நிறவெறிச் சட்டங்களால் நடத்தப்படும் விதத்தை இந்தியத் தூதுக்குழு சபைக்குக் கொண்டுசென்றது. தலைமை தாங்கியவர் விஜயலட்சுமி பண்டிட். இது எங்கள் உள்விவகாரம், ஐ.நா.வுக்கு இதில் வேலையில்லை என்று தென்னாப்பிரிக்கா வாதாடியது. மனிதனைப் பிறப்பால் இழிவுபடுத்துவது எந்த நாட்டின் தனிச்சொத்தும் ஆகாது என்ற பக்கம் இந்தியா நின்றது. இந்தியா வென்றது. தீர்மானம் நிறைவேறிய நாள், 1946 டிசம்பர் 8.

55 ஆண்டுகள் கழித்து, 2001. இடம் அதே தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரம். இனவெறிக்கு எதிரான ஐ.நா. உலக மாநாடு. இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் தலித் செயல்பாட்டாளர்கள் கிளம்பிப்போய், எங்கள் சாதிக்கொடுமையையும் இந்தப் பட்டியலில் சேருங்கள் என்று கேட்டார்கள். இந்திய அரசு என்ன சொன்னது? சாதி இனமல்ல, இது எங்கள் உள்விவகாரம். 1946-இல் வெள்ளை அரசாங்கம் பேசிய அதே வசனம். மாநாட்டின் இறுதி ஆவணத்தில் சாதி என்ற சொல் வராமல் போனது.

2009-இல் ஜெனிவாவில், தொழிலையும் பிறப்பையும் அடிப்படையாகக் கொண்ட பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. வரைவு நெறிகளை நேபாள அரசு வெளிப்படையாக ஆதரித்தது. ஆமாம், எங்கள் நாட்டில் இது இருக்கிறது, உலகம் இதில் துணைநிற்கட்டும் என்று ஒரு சின்ன நாடு சொன்னது. பெரிய நாடு அப்போதும் இறங்கிவரவில்லை. இப்படி இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் நிற்கும்போது "ஒருமனதாக" என்ற விதிக்கு என்ன பொருள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிரிக்கா இதை வேறு மாதிரி செய்தது. அதனால்தான் மே 25-ஐ நான் மதிக்கிறேன். 1963-இல் அந்த நாளில் ஆடிஸ் அபாபாவில் 32 நாடுகள் கூடி ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பைத் தொடங்கின. அந்தச் சாசனத்திலும் உள்விவகாரத்தில் தலையிடாமைக் கொள்கை இருந்தது. ஆனால் அதே சாசனம் இன்னும் விடுதலை பெறாத ஆப்பிரிக்கர்களின் முழு விடுதலையைத் தன் கடமையாகவும் எழுதிக்கொண்டது. டார் எஸ் சலாமில் விடுதலைக் குழு அமைக்கப்பட்டது. தான்சானியாவும் சாம்பியாவும் பக்கத்து நாட்டுப் போராளிகளுக்கு இடம் கொடுத்தன. தென்னாப்பிரிக்கக் கறுப்பினத் தொழிலாளியின் முதுகில் விழும் அடி எங்கள் விவகாரம் என்று அண்டை நாடு சொன்ன பிறகுதான், அந்த நாளுக்கு ஒரு பொருள் வந்தது. அதை "ஆப்பிரிக்க விடுதலை நாள்" என்றே மக்கள் அழைத்தார்கள்.

அதைப் புனிதப்படுத்தவும் வேண்டாம். இடி அமீன் கொலைகள் செய்துகொண்டிருந்த காலத்தில்தான் அந்த அமைப்பின் தலைவர் நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தார். நிறவெறியை உள்விவகாரம் இல்லை என்றவர்கள், சக ஆட்சியாளர்களின் கொடுமையை உள்விவகாரம் என்று விட்டுவிட்டார்கள். 2008 மே மாதம் ஜோகன்னஸ்பர்க்கின் அலெக்சாண்டிராவில் தொடங்கிய தாக்குதல்களில் 62 பேர் செத்தார்கள், பெரும்பாலும் ஜிம்பாப்வே, மொசாம்பிக் போன்ற அண்டை நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஒரு காலத்தில் தங்கள் போராளிகளுக்கு அடைக்கலம் தந்த நாட்டு மக்கள். அந்த ஆண்டு ஆப்பிரிக்க நாள் வந்தபோது பலர் முகாம்களில் கிடந்தார்கள். நாள்காட்டியில் ஒரு தேதி இருப்பதால் மட்டும் யாரும் யாரையும் சகோதரனாக நினைத்துவிடுவதில்லை. ஆனாலும் அங்கே ஒருவன் எழுந்து, "இந்த நாள் எதற்காக வந்தது என்று மறந்துவிட்டீர்களா?" என்று கேட்க முடியும். கேட்பதற்கு அந்த நாளுக்குள் ஏதோ இருக்கிறது. நம் டிசம்பர் 8-ஐப் பிடித்துக்கொண்டு யாரிடம் போய் என்ன கேட்பது?

தெற்காசிய வரலாற்றில் கேட்பதற்கு எதுவும் இல்லாமல் இல்லை. எடுத்துவைக்கத்தான் ஆளில்லை.

இந்தியாவின் முதல் சட்ட அமைச்சர் அம்பேத்கர் என்று எல்லோருக்கும் தெரியும். பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சர் யார்? ஜோகேந்திரநாத் மண்டல். இன்றைய வங்கதேசத்தின் பரிசால் பகுதியில், நாமசூத்திரர் எனும் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். 1947 ஆகஸ்டில் கராச்சியில் கூடிய பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபையின் முதல் அமர்வுக்குத் தலைமை தாங்கியவர். அதற்கு முந்தைய ஆண்டு, பம்பாயிலிருந்து நுழைய வழியில்லாமல் இருந்த அம்பேத்கரை வங்காளத்திலிருந்து இந்திய அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்பிவைக்கப் பாடுபட்டவரும் இவர்தான். இன்று மூன்று நாடுகளாகிவிட்ட நிலத்தில், ஒருவர் கையை ஒருவர் பிடித்துத் தூக்கிவிட்ட வரலாறு இது. மண்டல் தன் மக்கள்மீது கிழக்கு வங்கத்தில் நடந்த வன்முறைகளைக் கண்டித்து 1950 அக்டோபரில் பதவி விலகி கல்கத்தாவுக்கு வந்தார். அம்பேத்கர் 1951 செப்டம்பரில் இந்துச் சட்டத் தொகுப்பு முடக்கப்பட்டதால் பதவி விலகினார். இரண்டு புதிய நாடுகள், இரண்டு தலித் சட்ட அமைச்சர்கள், ஓராண்டு இடைவெளியில் இரண்டு விலகல்கள். குரூப் 4 வினாத்தாளில் இது வராது.

இன்னொன்று. பிரிவினையின்போது மக்கள் எல்லை தாண்டி ஓடிக்கொண்டிருந்த நாட்களில், பாகிஸ்தான் பகுதியில் துப்புரவுப் பணி செய்த ஒடுக்கப்பட்ட மக்கள் இந்தியாவுக்குப் போகவிடாமல் தடுக்கப்பட்டார்கள். அவர்கள் செய்வது அத்தியாவசியப் பணியாம். அம்பேத்கர் 1947 டிசம்பரில் நேருவுக்குக் கடிதம் எழுதி இதைக் கண்டித்தார். யோசித்துப் பாருங்கள் தோழர்களே. எங்கள் அம்மாயியை வேண்டாம் என்று ஒரு நாடு கப்பலேற்றியது. அவர்களை விடமாட்டேன் என்று ஒரு நாடு பிடித்துவைத்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: இவர்கள் உழைப்பு யாருக்கு, எவ்வளவு நாள் தேவை என்பதை வேறு யாரோ முடிவு செய்தார்கள். பாகிஸ்தானில் துப்புரவு வேலை விளம்பரங்களில் "முஸ்லிம் அல்லாதவர் மட்டும்" என்று போடுவது இன்றும் அவ்வப்போது சர்ச்சையாகிறது. டாக்காவின் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்புகளில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. வெள்ளைக்காரன் இறக்கிவிட்டுப் போனவர்களின் பேரப்பிள்ளைகள். மூன்று கொடி மாறிவிட்டது, துடைப்பம் மாறவில்லை.

சார்க் அமைப்பில் விசா விலக்குத் திட்டம் ஒன்று 1992-லிருந்து இருக்கிறது. நீதிபதிகள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், உயரதிகாரிகள், தொழிலதிபர்கள், பத்திரிகையாளர்கள் என்று 24 வகையினர் விசா இல்லாமல் போய்வரலாம். அதையும் 2025 ஏப்ரலில், பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, பாகிஸ்தானியருக்கு இந்தியா நிறுத்திவிட்டது. 24 வகையில் கொழுந்து பறிக்கிறவர் இல்லை. அட்டனில் தங்கிவிட்ட தங்கையின் சாவுக்குப் போக முடியாமல் இங்கேயே உட்கார்ந்து அழுத அம்மாயி எந்த வகையிலும் வரமாட்டார்.

இனி போன வருட டிசம்பர் 6-க்கு வருகிறேன்.

எங்கள் குடியிருப்பில் வருடந்தோறும் அண்ணலின் நினைவு நாளுக்குக் கூட்டம் போடுவோம். பெரிதாக ஒன்றுமில்லை. படம், மாலை, ஒரு ஒலிபெருக்கி, தேநீர். கடைத்தெருவில் உணவகம் ஒன்றில் வேலை பார்க்கும் நேபாளத் தம்பி ஒருவர் பாத்திரம் வாங்க வந்தவர், படத்தைப் பார்த்து நின்றுவிட்டார். கைகூப்பினார். உட்காரச் சொன்னோம். பெயர் கேட்டோம். கடைசிப் பெயர் விஸ்வகர்மா என்றார். எங்கள் ஆட்களில் ஒருவர் சட்டென்று, "ஓ, ஆசாரியா?" என்றார், கொஞ்சம் விலகலான குரலில். நம் ஊர்க் கணக்கு அப்படி. விஸ்வகர்மா என்றால் இங்கே சேரிக்கு வெளியே இருப்பவர். அவருக்கு அது புரிய நேரமானது. பிறகு தன் கைபேசியில் எதையோ தேடிக் காட்டி, அரைகுறைத் தமிழிலும் இந்தியிலும் சொன்னார்: நேபாளத்தில் இந்தப் பெயர் இரும்படிக்கும் காமி சாதிக்காரர்களுக்கு. தண்ணீர்க் குடத்தைத் தொடவிடமாட்டார்கள். தலித்.

அவர் காட்டியது ருக்கும் செய்தி. 2020 மே மாதம், நேபாளத்தின் மேற்கு ருக்கும் மாவட்டத்தில், "மேல்"சாதிப் பெண்ணைக் காதலித்த தலித் இளைஞர், நண்பர்களோடு அவளை அழைத்துவரப் போனார். ஊரே திரண்டு விரட்டியது. ஆறு இளைஞர்களின் உடல்கள் பேரி ஆற்றில் கிடைத்தன. கூட்டத்தில் யாரும் விளக்கம் கேட்கவில்லை. "நம்ம உடுமலைப்பேட்டை மாதிரி" என்று ஒரு அக்கா சொன்னார். அவ்வளவுதான். ஒரே சொல்லில் காத்மாண்டுவுக்கும் கூடலூருக்கும் நடுவில் இருந்த தூரம் போய்விட்டது.

எனக்கு அன்று இரண்டு விஷயம் உறைத்தது. சாதி எல்லா நாட்டிலும் ஒரே படிக்கட்டு இல்லை. ஒரே பெயர் இங்கே ஒரு படியில் இருக்கிறது, அங்கே வேறு படியில் கிடக்கிறது. பாகிஸ்தானில் அது வேறு மதத்தின் உடையில் நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் சைவ ஆசாரத்தின் பெயரில் நின்றதை உடைக்க, 1968-இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட தமிழர்கள் தமிழர்களோடுதான் போராட வேண்டியிருந்தது. ஆகவே "நாமெல்லாம் ஒன்று" என்று அவசரப்பட்டுச் சொன்னால் நாமும் சார்க் வாழ்த்துச் செய்தி எழுதுகிறவர்கள் ஆகிவிடுவோம். "ஓ, ஆசாரியா?" என்று விலகிய அந்தக் குரல் எங்கள் கூட்டத்திலிருந்துதான் வந்தது.

இரண்டாவது விஷயம், காத்மாண்டு. சார்க் செயலகம் அங்கே திறக்கப்படுவதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே, 1956 நவம்பரில், உலக பௌத்தர் மாநாட்டுக்காக அம்பேத்கர் அந்த நகரத்துக்குப் போயிருக்கிறார். நவம்பர் 20-ஆம் நாள் புத்தரையும் கார்ல் மார்க்ஸையும் ஒப்பிட்டு உரையாற்றினார். அப்போது நேபாளத்தின் சட்டமே தீண்டாமையை ஏற்றிருந்தது. 1854-இல் எழுதிய சாதிச் சட்டத்தை 1963-இல்தான் மாற்றினார்கள். 1950-இல் இலங்கைக்கும், 1954-இல் பர்மாவுக்கும் இதே பௌத்தர் மாநாடுகளுக்காகப் போனவர். உடம்பு முடியாத காலத்தில் அண்டை நாடுகளுக்கு அலைந்த மனிதர் சாதியை உள்விவகாரமாகப் பார்க்கவில்லை என்பது என் வாசிப்பு. காத்மாண்டு உரைக்குப் பின் 16 நாட்கள்தான் உயிரோடு இருந்தார்.

தங்கச்சி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். அரசுகள் கையெழுத்துப் போட்ட டிசம்பர் 8-இல் நாம் இல்லை. நம்மைச் சேர்க்காமல் இருக்கத்தான் அந்த விதி பயன்படுகிறது. தேர்வில் வந்தால் சரியான விடையைக் குறித்துவிட்டு வா, அந்த ஆறு மதிப்பெண்ணும் நமக்குத் தேவை. நாம் இருக்கும் நாள் அதற்கு இரண்டு நாள் முந்தியே வந்துவிடுகிறது. அந்த நாளில் இதுவரை நாம் இந்தியாவைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தோம். மண்டலின் பெயரை ஒருமுறைகூட ஒலிபெருக்கியில் சொன்னதில்லை. ருக்குமில் செத்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தியதில்லை. தப்பு நம்முடையது.

இந்த டிசம்பர் 6-இல் நேபாளத் தம்பி பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். முதலாளியிடம் மாலை 6 மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரம் கேட்டு வாங்கியிருக்கிறார். இந்தியில்தான் பேசுவாராம். மொழிபெயர்க்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.